மனசையும் சேர்த்து

ராஜகுமாரி சும்மா உட்கார்ந்திருந்து பார்த்தேன் என்று சங்கரன்கோவிலில் ஒருவரும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஓடுகிறது. அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சோறு தின்பாள். ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போதுகூட மெல்ல எழுந்து போய், வாசலில் கிடக்கிற செருப்புகளை எல்லாம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வருவாள். கணவர் பொன்துரை நேர் எதிர். தறி நின்றாலும் கையிலிருக்கிற டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். 'இவளைக் கட்டுனதுக்குப் பதிலா ஒரு பஸ்ஸைக் கட்டியிருக்கலாம், அதுவாவது ஸ்டாப்புல நிக்கும்' என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவருக்கென்ன, சொல்லுவார்.

இந்த ராஜகுமாரிக்கு ஐம்பதைத் தொடப் போகிற வயதில் இறையியல் படிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அஞ்சல்வழிப் படிப்பு, பாடம் வீட்டுக்கு வரும், எப்போதாவது ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டும். கேள்விப்பட்ட சபைப் பெண்கள் சங்கத்தார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "எதுக்குட்டி ஒனக்கு வேண்டாத வேலை? ஐயர் ஆகப் போறியா?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வது. வெளியூர்க்காரர்கள் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

அவள் ஐயர் ஆகவும் வேண்டாம், ஆயர் ஆகவும் வேண்டாம். அவளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். அந்தக் கேள்வி அவள் மகள் அபிஷா.

அபிஷா நர்சிங் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது, உள்ளே கால் வைத்தால் செத்துப் போவேன் என்கிறாள். வீட்டுக்குக் கூட்டி வந்தும் அடங்கவில்லை. திருநெல்வேலியில் மனநல டாக்டரிடம் காட்டினார்கள். இது ஒரு நோய், குணமாகும், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் சொன்னார். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். சாப்பிட்டாள், கடைத்தெரு வரை போய்விட்டு வந்தாள்.

அதற்குள் சபையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு? பயம் கர்த்தர்கிட்ட இருந்து வாறதில்லையே" என்று ஒருத்தி. உபவாசக் கூட்டத்துக்குக் கொண்டுவா என்று இன்னொருத்தி. ராஜகுமாரிக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பிள்ளையின் பயம் நோயா, அவிசுவாசமா? ஐயரிடம் கேட்டால், ஜெபம் பண்ணுங்கள் என்று முடித்துக்கொண்டார். சரி, புத்தகத்தில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கிளம்பியவள்தான்.

பாடத்துக்குப் பெயர் ஒழுங்குமுறை இறையியல். கடவுள் யார், கிறிஸ்து யார், மனிதன் யார், பாவம் என்ன, மீட்பு என்ன, சபை எதற்கு, முடிவு எப்படி என்று விசுவாசத்தை வரிசையாக எடுத்து, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் அடுக்கிச் சொல்கிற படிப்பு. வறட்டுப் பாடமாக இருக்கும் என்று பயந்துகொண்டுதான் பிரித்தாள். ஆனால் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு தலைப்பையும் ஆதிச் சபைப் பிதாக்களின் வழியாகச் சொல்லியிருந்தார்கள்.

பிதாக்கள் என்றதும் சாந்தமாகத் தாடியைத் தடவிக்கொண்டிருக்கிற பெரியவர்கள் என்று அவள் நினைத்திருந்தாள். படித்துப் பார்த்தால், அடேயப்பா! நம்ம ஊர்ச் சபைத் தேர்தல் தோற்றது போங்கள். இக்னாசியுஸ் என்பவரை ரோமுக்குக் கொல்லக் கொண்டுபோகிறார்கள். சங்கிலி போட்ட கையோடு வழியெல்லாம் சபைகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போகிறார். உடம்பு என்பதே அழுக்கு, கடவுள் அதைத் தொட்டிருக்க மாட்டார் என்று சிலர் சொல்ல, மண்ணைப் பிசைந்து அந்த உடம்பைச் செய்ததே அவர்தானே என்று இரேனேயுஸ் மல்லுக்கு நிற்கிறார். இயேசு பெரியவர்தான், ஆனால் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் சொல்ல, படைக்கப்பட்டவர் எப்படி அய்யா படைப்பை மீட்பார் என்று அத்தனாசியுஸ் எதிர்க்கிறார். ஐந்து தடவை ஊரைவிட்டுத் துரத்தினார்கள் அவரை. துரத்தத் துரத்தத் திரும்பி வந்தார்.

ராஜகுமாரிக்கு அத்தனாசியுஸைப் பிடித்துப்போய்விட்டது. தறி இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டே அந்தப் பாடத்தைப் படித்து முடித்தாள். இயேசு முழுக்க முழுக்கக் கடவுள். அடிச்சுப் பேசியிருக்கான் மனுஷன் என்று சந்தோஷப்பட்டாள். அதற்கு அடுத்த பாடம் கட்டிலில் கிடந்தது. அதையும் பிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுக்குத்தான் பொறுமை ஏது?

அன்று சாயங்காலம் அபிஷா கேட்டாள்: "எம்மா, இயேசுவுக்குப் பயம் வந்திருக்குமா?"

ராஜகுமாரி யோசிக்கவே இல்லை. அவள் சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவள். கோவிலுக்குள் போனதில்லையே தவிர, சங்கரநாராயணர் படம் தெரியாமல் இந்த ஊரில் யாரும் இருக்க முடியாது. டீக்கடையில், ஜவுளிக்கடையில், மினி பஸ் கண்ணாடியில் எல்லாம் அதுதான். ஒரு பக்கம் சிவன், மறுபக்கம் பெருமாள், ஒரே உடம்பு. பதில் அவள் வாயில் தயாராக வந்து நின்றது.

"நம்ம ஊரு சாமி படம் பாத்திருக்கல்லா? பாதி அது, பாதி இது. அந்தக் கணக்குத்தான். இயேசுவுக்கு உடம்பு மனுஷ உடம்பு. மனசு கடவுளோட மனசு. அந்த மனசுக்குப் பயம் கியம் ஒண்ணும் கிடையாது. அந்த மனசத்தான் நமக்கும் தாறேங்காரு. நாம விசுவாசிச்சு வாங்கிக்கிடணும்."

சொன்ன வேகத்தில் அவளுக்கே புல்லரித்துவிட்டது. அத்தனை நாள் தேடிய பதில் கையில் கிடைத்த மாதிரி இருந்தது. பயமில்லாத மனசை அவர் தருகிறார் என்றால் இந்த மாத்திரை எதற்கு? மறுநாளே மாத்திரை அட்டைகளை ஒரு டிபன் பாக்ஸில் போட்டு மூடி, தறிக்கூடத்தில் நூல் கோன்களுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். பொன்துரை தலையை ஆட்டி, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யேன்" என்றார். யார் கேட்டார்கள்?

அம்மா படித்துவிட்டுச் சொல்கிறாள் என்று அபிஷாவும் விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் பழைய நடுக்கம் திரும்பியது. முன்பைவிட மோசமாக வந்தது. தூக்கம் போனது. பெண்கள் சங்கத்தார் தினமும் வந்து, தலையில் கை வைத்து, சத்தம் போட்டு ஜெபித்தார்கள். ராஜகுமாரி அவர்களுக்குக் காபி போடவும், பாய் விரிக்கவும், வாசலுக்குப் போய் வரவுமாக இருந்தாள். ஒருநாள் புளியங்குடியிலிருந்து பொன்துரையின் தங்கை வந்தாள். எலுமிச்சை மார்க்கெட்டில் தரம் பிரிக்கிற கொட்டகை வைத்திருப்பவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற ரகம். பிள்ளையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "மைனி, நான் இவள அங்கன கூட்டிட்டுப் போறேன். அங்கன இந்தச் சத்தமும் கிடையாது, தறிச் சத்தமும் கிடையாது" என்று கையோடு அழைத்துப் போய்விட்டாள். ராஜகுமாரிக்கு அவமானமாக இருந்தது. தன் விசுவாசம் பத்தவில்லையோ என்று இன்னும் வேகமாக ஜெபித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் பாளையங்கோட்டையில் வகுப்பு வந்தது. பாடம் நடத்த வந்தவர் பொன்செல்வி என்ற இளம் போதகர். தன்னைவிட எவ்வளவோ சின்னவள், இவள் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறாள் என்று ராஜகுமாரி ஜன்னலோரம் நின்றாள். கூட இருந்தவர்கள் பக்கத்து ஊர்ச் சபைகளின் உபதேசியார்களும், ரிட்டையர் ஆன ஆசிரியர்களும்.

"இயேசு முழுக்கக் கடவுள், முழுக்க மனுஷர்னு சொல்றோம். ரெண்டும் எப்படி ஒருத்தருக்குள்ள? யாராவது உங்க வார்த்தையில சொல்லுங்க பாப்போம்" என்றார் பொன்செல்வி.

ராஜகுமாரியைக் கேட்க வேண்டுமா? "எங்க ஊருல இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்மா" என்று ஆரம்பித்தாள். சங்கரநாராயணர் படத்தைச் சொன்னாள். ஒரு பக்கம் சடை, மறுபக்கம் கிரீடம் என்று கையை வைத்துக் காட்டினாள். "அந்த மாதிரி பாதிப் பாதி. உடம்பு மனுஷ உடம்பு, மனசு கடவுள் மனசு" என்று முடித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒரு உபதேசியார், "ஏம்மா, இத ஆலயத்துல வச்சுச் சொல்லிராதிய, ஐயரு மயக்கம் போட்டுருவாரு" என்றார்.

பொன்செல்வி சிரிக்கவில்லை. "அந்தப் படம் அந்தக் கோவில்காரங்க விஷயம். அவங்களுக்கு அதுல ஒரு அர்த்தம் இருக்கு. நாம அதத் தொட வேண்டாம். கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, உடம்பு மனுஷ உடம்பு, மனசு கடவுள் மனசுன்னு. அதையே சொன்ன ஒரு பிஷப் இருந்தாரு. அப்பொலினாரியுஸ். கெட்ட மனுஷன் இல்ல. அத்தனாசியுஸ் பக்கம் நின்னு ஆரியுஸ எதிர்த்தவருதான். இயேசு கடவுள்ங்கறத யாரும் குறைச்சுப் பேசிரக் கூடாதுன்னு ஆசை. அந்த ஆசையில ஒரு படி தாண்டிட்டாரு. மனுஷ மனசு பயப்படும், தடுமாறும், இருட்டாகிப் போகும். அது இயேசுவுக்கு வேண்டாம், அந்த எடத்துல கடவுளே இருந்தாருன்னு சொல்லிட்டாரு."

"சரிதான?" என்றாள் ராஜகுமாரி.

"சபை அது தப்புன்னு தீர்ப்புச் சொல்லிருச்சும்மா. கிரிகோரின்னு ஒருத்தர் கேட்டாரு. அவரு ஒரு எடத்துல தரிக்க மாட்டாரு. குருப்பட்டம் கொடுத்ததும் பயந்து ஓடிப்போயிட்டு அப்புறம் திரும்பி வந்த ஆளு. மனசு நடுங்குறது என்னன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அவரு கேட்டதோட சாரம் இதுதான். மனுஷனுக்கு எங்க நோவு அதிகம்? உடம்புலயா, மனசுலயா? நோவு அதிகமா இருக்குற எடத்த விட்டுட்டு மத்தத மட்டும் எடுத்துக்கிட்டு வந்தா, விட்டுப்போன எடத்துக்கு யாரு வைத்தியம் பண்றது? அதனாலதான் பாதியும் இல்ல, முக்காலும் இல்ல. மனசையும் சேர்த்துத்தான் எடுத்துக்கிட்டாரு. அவரு பிடிபடப் போற அன்னைக்கு ராத்திரி, தோட்டத்துல ஜெபம் பண்ணும்போது வேர்த்து ஊத்துனது வெறும் உடம்பா?"

வகுப்பில் மற்றவர்கள் குறிப்பு எடுத்தார்கள். ராஜகுமாரி நின்றுகொண்டே இருந்தாள். அவள் காதில் தன்னுடைய குரல்தான் கேட்டது. பயம் கியம் ஒண்ணும் கிடையாது. ஐயோ, நான் என்ன சொல்லிவிட்டேன்! அவருக்கும் நடுங்கியது என்று சொல்ல வேண்டிய இடத்தில், உன்னை மாதிரி மனசே அவருக்கு இல்லை என்றல்லவா சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றேனா? மாத்திரையையும் பிடுங்கினேனே.

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். "அம்மா, எங்க போறீங்க? சாப்பாடு வந்துரும்" என்று பொன்செல்வி கூப்பிட்டார்.

"ஒரு ஆளுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். போயிச் சொல்லணும்" என்றாள், திரும்பாமலே.

சங்கரன்கோவில் பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் நின்றாள். நாத்தனாருக்குப் போன் போட்டாள்; எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. போன வாரம் பேசியபோது, பிள்ளை தூங்கவே மாட்டேங்கிறாள், இருட்டும்வரை எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டே இருக்கிறாள் என்று நாத்தனார் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. ஏன் போனை எடுக்கவில்லை? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அப்பொலினாரியுஸ் மேல் கோபம் கோபமாக வந்தது. நல்ல மனுஷனாம், நல்ல மனுஷன். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று ஆள் ஏற்றியது. கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீங்க நின்னுக்கிட்டு வந்தா பஸ் வேகமாப் போயிருமா? சீட்டு கெடக்குல்லா?" என்றார். அவள் மறுபடி போனை எடுத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தறிக்கூடத்துக்குப் போனாள். நூல் கோன்களை ஒதுக்கி டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்துக் கோன்களையும் உருட்டித் தேடினாள்.

பொன்துரை அவளைப் பார்த்தார். கரண்டு போனாலொழியத் தறியை நிறுத்தாதவர், ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றார். "போன வாரம் டாக்டரப் போயிப் பாத்தேன். நல்லா ஏசுனாரு. மறுபடி எப்படி ஆரம்பிக்கணும்னு புதுசா எழுதிக் குடுத்தாரு. வாங்கிட்டுப் போயி புளியங்குடியில குடுத்துட்டு வந்தேன்."

"போடுதாளா?"

"போட மாட்டேங்கா. நான் தறிக்காரன், எனக்கு என்ன தெரியும்? 'அம்மா படிச்சுட்டுச் சொல்லியிருக்கா, அம்மா சொல்லட்டும்'னுட்டா."

"எங்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லலையே!"

"நீ எங்கட்டி நின்னு கேட்ட?" என்றார் பொன்துரை. ஏசுகிற குரலில்லை அது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

புளியங்குடியில் கொட்டகை வாசலில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. நாத்தனார் மூட்டைகளுக்கு நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். போன் கல்லாப்பெட்டி மேல் கிடந்தது. "உள்ளதான் இருக்கா, போங்க" என்று கையைக் காட்டினாள். ராஜகுமாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உள்ளே அபிஷா சாக்கின் மேல் உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு கூடை, சிறியது ஒரு கூடை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எடுக்கிற ஒவ்வொரு பழமும் கையில் நடுங்கியது. அம்மாவைப் பார்த்ததும், "யாரும் ஜெபம் பண்ண வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல. நான் மட்டுந்தான்" என்றாள் ராஜகுமாரி. "ஏட்டி, நான் ஒங்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்."

"எது?"

"பாதிப் பாதின்னு சொன்னம்லா. அது தப்பு. அவருக்கு மனசும் நம்ம மனசுதான். நடுங்குற மனசு. முழுசா எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்காரு. முந்தியே ஒருத்தரு என்னைய மாதிரி சொல்லப் போயி, பெரிய சண்டையாகி, தப்புன்னு தீர்ப்புச் சொல்லிட்டாங்க. நான் அதப் படிக்காம ஒங்கிட்ட பேசிட்டேன்."

அபிஷா பழத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சும்மா. அவருக்குப் பயமே தெரியாதுன்னா நான் அவர்கிட்ட என்னத்தச் சொல்லன்னு நெனச்சேன். அன்னைக்கோட ஜெபம் பண்றதையும் விட்டுட்டேன். நீங்க எல்லாரும் சத்தமாப் பண்ணும்போது வாய மட்டும் அசைப்பேன்."

இத்தனை நாள் பிள்ளையின் தலைமாட்டில் எத்தனை பேர் ஜெபித்தார்கள்! அத்தனை பேருக்கு நடுவில் பிள்ளை தனியாகக் கிடந்திருக்கிறாள்.

"அந்தத் தோட்டத்துல அவருக்கு நெசமாவே பயமா இருந்துச்சா?" என்று அபிஷா கேட்டாள்.

"பயமாத்தான் இருந்துச்சு மக்கா. தனியா இருக்க முடியாம, கூட இருங்கன்னு சிநேகிதக்காரங்ககிட்டக் கேட்டாரு."

"இருந்தாங்களா?"

"எங்க? தூங்கிட்டாங்க."

"பாவம்" என்றாள் அபிஷா. வெகு காலமாகத் தன் பயத்தைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாதிருந்த பிள்ளை, வேறொருவருக்காக இரங்கி ஒரு வார்த்தை சொன்னாள். கீழே வைத்த பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு, "நீயும் அப்படித்தாம்மா" என்றாள். "நீ தூங்கல. ஆனா பக்கத்துல இருக்கவே இல்ல. எந்திச்சு எந்திச்சுப் போயிட்ட."

அப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம் என்பது ராஜகுமாரிக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. சாக்கின் மேல் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அபிஷா சுவரோரம் இருந்த பையை இழுத்து, அப்பா கொண்டுவந்த மாத்திரையை எடுத்தாள். "போடவா?"

"போடு மக்கா."

"விசுவாசம் இல்லன்னு சொல்லுவாங்கல்லா?"

"சொல்லுதவங்க எங்கிட்ட வந்து சொல்லட்டும்" என்றாள் ராஜகுமாரி. அந்தக் குரலில் பழைய ராஜகுமாரி இருந்தாள். அபிஷாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. தண்ணீரைக் குடித்து மாத்திரையை விழுங்கிவிட்டு, அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். "நீ போயிர மாட்டல்லா?" என்று ஒருமுறை கேட்டாள்.

மாத்திரை அதற்குள் வேலை செய்திருக்க முடியாது. ஆனாலும் பிள்ளை தூங்கிப் போனாள். வெளியே லாரி கிளம்புகிற சத்தத்துக்கும் அவள் அசையவில்லை. ராஜகுமாரியின் பையில் போன் அடித்தது. பெண்கள் சங்கச் செயலாளரின் பெயர் தெரிந்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். சாக்குக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் தொடையில் உறுத்திக்கொண்டே இருந்தது. கால் மரத்துப் போனது. நாத்தனார் எட்டிப் பார்த்து, "மைனி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திக்கலையா?" என்று கேட்டாள்.

"நீ லைட்ட மட்டும் போட்டுட்டுப் போ" என்றாள் ராஜகுமாரி. "நான் இங்கனயே இருக்கேன்."